ஒரு அரசுத் திட்டம் நம்ம ஊர் ஜனங்க நிம்மதிய கூட்டுச்சா குறைச்சுச்சா: நீங்களே கேட்டு எழுதுறது எப்படி

எத்தன பேருக்கு பணம் போச்சு, எத்தன கிலோமீட்டர் ரோடு போட்டாங்க, எத்தன பஸ் ஓடுதுன்னு கணக்கு வச்சுக்க ஆபீஸ் இருக்கு, ஆள் இருக்கு. அதுனால அந்த ஊர்ல இருக்கவங்க ராத்திரி நிம்மதியா தூங்குறாங்களான்னு கேட்டு எழுதி வைக்கத்தான் ஆள் இல்ல. இந்த வேலைய ஒரு நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் எந்த ஊர்லயும் யாரு வேணா செய்யலாம், செஞ்சத கிராமசபைல வச்சுப் பேசலாம். எப்படி கேக்கணும், யார்கிட்ட கேக்கணும், கேட்டத என்ன பண்ணணும்னு எனக்கு தெரிஞ்சத எழுதுறேன்.

சந்தோஷத்த எல்லாம் அளக்க முடியுமான்னு கேப்பாங்க. முடியும்னுதான் உலகத்துல பல நாடு பண்ணிட்டு இருக்கு. பூடான் 1970கள்லயே பேச ஆரம்பிச்சு, 2008ல எழுதின அரசியல் சட்டத்துல ஜனங்களோட மொத்த மகிழ்ச்சிக்கு வழி பண்றது அரசோட வேலைன்னு 9ஆவது பிரிவுல எழுதியே வச்சிருச்சு. இங்கிலாந்துல 2011ல இருந்து அரசு புள்ளிவிவர ஆபீஸ் நாலே நாலு கேள்வி கேட்டு வருஷா வருஷம் எழுதுது. நியூசிலாந்து 2019ல நல்வாழ்வு பட்ஜெட்னே ஒண்ணு போட்டாங்க. நம்ம நாட்டுல மத்தியப் பிரதேசம் 2016ல மகிழ்ச்சிக்குன்னு தனித் துறை ஆரம்பிச்சுச்சு. 2012ல இருந்து வர்ற உலக மகிழ்ச்சி அறிக்கை முக்கியமா நம்பி இருக்கிறது ஒரே ஒரு கேள்விய, ஹாட்லி காண்ட்ரில்ங்கிற உளவியல்காரர் 1965லயே எழுதி வச்ச ஏணிக் கேள்வி அது. அந்தக் கேள்விதான் நமக்கும் வேணும், கீழ தர்றேன்.

முதல்ல ஒரு திட்டத்த மட்டும் எடுங்க. அரசு நல்லா பண்ணுதா இல்லையான்னு பொதுவா கேட்டா அது கட்சிப் பேச்சாத்தான் முடியும். ஒரு திட்டம், ஒரு ஊர் இல்ல ஒரு தெரு, அவ்வளவுதான். எடுத்த திட்டம் ஒரு ஆளோட மனசுக்குள்ள எந்த வழியா போகும்னு வீட்ல உக்காந்து யோசிச்சு எழுதிக்கங்க. நான் பாத்த வரைக்கும் வழி நாலுதான். கையில காசு மிஞ்சுதா, நேரம் மிஞ்சுதா, கவலை குறையுதா, மரியாதை கிடைக்குதா. அரசு சொல்ற கணக்குல முதல் வழி மட்டும்தான் வரும், நிஜத்துல ஜனங்க மனசுல பாதிக்கு மேல மத்த மூணு வழிலதான் போகுதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

காலை உணவுத் திட்டத்தையே பாருங்க. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி நம்ம மதுரைலதான் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிக்கு எல்லாம் போச்சு, அஞ்சாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல். பிள்ளை பசிக்காக வந்த திட்டம், சரி. ஆனா சித்தாள் வேலைக்குப் போற அம்மா விடியக்காலைல எந்திரிச்சு, தண்ணி பிடிச்சு, மதியத்துக்கு சோறு கட்டி, கொத்தனார் வண்டி வர்றதுக்குள்ள தெருமுனைல நிக்கணும், அதுக்கு நடுவுல பிள்ளைக்கு காலைக்கு என்ன குடுக்குறதுங்கிற கவலை ஒண்ணு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அது போயிருச்சு. அது எந்த ரிப்போர்ட்லயும் வராது. தட்டு எத்தன, பிள்ளை எத்தனன்னுதான் வரும். நீங்க கேக்கப் போறது அந்த அம்மாவோட காலை நேரத்த.

இப்ப கேள்விக்கு வர்றேன். “சந்தோஷமா இருக்கீங்களா”ன்னு மட்டும் கேட்றாதீங்க. நம்ம பக்கம் அதுக்கு பதிலே கிடையாது, “ஏதோ ஓடுதுப்பா”ம்பாங்க, இல்லன்னா “நமக்கென்ன சந்தோஷம், பிள்ளைக நல்லா இருந்தா போதும்”பாங்க. ரெண்டுமே ஒரு மரியாதைக்கு சொல்றது. அதுக்குப் பதிலா ஏணிய கேளுங்க, நோட்டுல பத்து படி வச்சு ஒரு ஏணி வரைஞ்சே காட்டுங்க, எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கும் புரியும்: “மேல பத்தாவது படி, உங்களுக்கு கிடைக்கக்கூடியதுலயே நல்ல வாழ்க்கை. கீழ தரை, இதவிட மோசமா இருக்க முடியாதுங்கிற வாழ்க்கை. இன்னைக்கு நீங்க எந்தப் படில நிக்கிறீங்க?” விரல வச்சு காட்டச் சொல்லுங்க. சில பேர் தரைலயே வைப்பாங்க, பதறாதீங்க, சமாதானம் சொல்லாதீங்க, பூஜ்யம்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்க.

அடுத்தது நேத்து. “நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுனீங்கன்னு வரிசையா சொல்லுங்க”ன்னு கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் அந்த நேரத்துல மனசு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. இதுவும் நானா சொல்றது இல்ல, நோபல் வாங்கின டேனியல் கானமன் குழு 2004ல டெக்சாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட இப்படித்தான் முந்தின நாள துண்டு துண்டா பிரிச்சுக் கேட்டாங்க, அதுல ரொம்ப கீழ வந்தது எதுன்னா காலைல வேலைக்குப் போற பயண நேரம். அங்க கார்ல ஏசி போட்டுப் போறவங்களுக்கே அந்த நிலைமைன்னா, அலங்காநல்லூர்ல இருந்தோ செக்கானூரணில இருந்தோ படிக்கட்டுல தொங்கிட்டு வர்றவங்களுக்கு எப்படி இருக்கும். வருஷத்துக்கு எப்படி இருந்தீங்கன்னு கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது, நேத்து நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

மூணாவது கவலை. “நேத்து எதையாவது நெனச்சு பயந்துக்கிட்டோ கவலைப்பட்டுக்கிட்டோ இருந்தீங்களா, எத நெனச்சு?” இங்கிலாந்துக்காரங்க நாலு கேள்வில ஒண்ணு இதுதான். நாலாவது, “நீங்க பண்ற வேலை, உங்க பாடு எல்லாம் ஒரு அர்த்தத்தோட இருக்குன்னு தோணுதா?” இதையும் அவங்க கேக்குறாங்க, வயசானவங்க இதுக்கு நல்லா பேசுவாங்க, நேரம் குடுங்க.

இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திட்டத்தோட பேரையே எடுக்கணும். ரொம்ப முக்கியம் இது. மொதல்லயே “மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூவா வருதுல்ல, எப்படி இருக்கு”ன்னு ஆரம்பிச்சா, அதுக்கப்புறம் சொல்ற எல்லாமே அந்த ஆயிரத்த சுத்தியே வரும், வாங்குறவங்க நன்றி சொல்ற மாதிரி சொல்லுவாங்க, வாங்காதவங்க கோவத்துல சொல்லுவாங்க, ரெண்டும் உங்களுக்கு உதவாது.

யார்கிட்ட, எங்க வச்சு கேக்குறதுங்கிறதும் அதே அளவுக்கு முக்கியம். வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தா மதினி ஒரு பதில் சொல்லும், குழாயடில தனியா இருந்தா வேற பதில் சொல்லும். டாஸ்மாக் பத்தி கேக்கப் போறீங்கன்னா இது இன்னும் நூறு மடங்கு. 2023 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க 500 கடைய மூடினாங்க, கடை மூடின தெருவுல ராத்திரி எப்படி இருக்குன்னு தெரியணும்னா பொம்பளைகள தனியா கேக்கணும், கேக்குறதும் ஒரு பொம்பளையா இருக்கணும். உங்க தங்கச்சியோ காலேஜ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கூட வந்தா நல்லது. கட்சிக்காரர யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க, எந்தக் கட்சியா இருந்தாலும்.

அப்புறம் பயம். நம்ம ஜனங்களுக்கு உள்ளுக்குள்ள இருக்கிற பெரிய பயம், குறை சொன்னா லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துருவாங்களோங்கிறது. அதுனால பேர் எழுதாதீங்க, கார்டு நம்பர், ஆதார், போன் நம்பர் எதுவும் கேக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க. “நான் கவர்மெண்ட் ஆள் இல்லைங்கத்தா, இது எந்த ஆபீசுக்கும் உங்க பேரோட போகாது”ன்னு சொல்லிட்டு, நோட்ட அவங்க கண்ணு முன்னாடியே திறந்து காட்டுங்க. வயசு சுமாரா, ஆணா பெண்ணா, என்ன வேலை, திட்டம் கிடைக்குதா இல்லையா, இது போதும்.

கேள்வி கேட்டா மட்டும் பத்தாது, நின்னு பாக்கவும் செய்யணும். ரேஷன் கடைக்கு ஒரு நாள் காலைல போய் ஓரமா நில்லுங்க. அரிசி இலவசம், அதுல குறை இல்ல, தமிழ்நாட்டுல எல்லாருக்கும் பொதுவா ரேஷன் இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளி மாநிலத்துக்குப் போய் வந்தவங்களுக்குத் தெரியும். ஆனா கைரேகை மெஷின் முன்னாடி ஒரு அப்பத்தா நிக்கிறத பாருங்க. களை எடுத்து, கதிர் அறுத்து, பாத்திரம் தேய்ச்சு ரேகையே தேஞ்சு போன விரல். ஒரு தடவை வைக்கும், விழாது. சேலை முந்தானைல விரல தொடச்சுட்டு மறுபடி வைக்கும், விழாது. மத்த விரல ஒவ்வொண்ணா வைக்கச் சொல்லுவாங்க, பின்னாடி வரிசைல முணுமுணுப்பு ஆரம்பிச்சிரும், கடைக்காரர் “அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, அடுத்த ஆள் வரட்டும்”பார். அரிசி கடைசில கிடைச்சிரும், கிடைக்காம போறது இல்ல. ஆனா ஊரே பாக்க தள்ளி நின்ன அந்த கால் மணி நேரம் இருக்குல்ல, அது திட்டத்தோட கணக்குல கழிக்க வேண்டியது. திட்டத்துல தப்பு இல்ல, அது கைக்கு வந்து சேர்ற வழிலதான் தப்பு. கண் கருவிழிய வச்சுப் பாக்குற மெஷின் வந்த கடைல இது எவ்வளவு குறைஞ்சிருக்குன்னும் போய்ப் பாருங்க.

பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு கிடையாது. பூக்கட்டுறவங்க விடியக்காலைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கிட்டு வந்து கட்டி வித்தா அன்னைக்கு கையில நிக்கிறது கொஞ்சம்தான், அதுல போக வர பஸ்ஸுக்கு குடுத்தது இப்ப மிச்சம். காசவிட பெருசா ஒண்ணு சொல்லுவாங்க கேட்டுப் பாருங்க, “அம்மா வீட்டுக்குப் போறதுக்கு யார்கிட்டயும் காசு கேக்க வேண்டியது இல்ல”ன்னு. இது நாலு வழில மரியாதைங்கிற வழி. அதே பஸ், ஸ்டாப்புல பொம்பளைக மட்டும் நின்னா நிறுத்தாம போறதும் நடக்குது, கண்டக்டர் முகத்த சுளிக்கிறதும் நடக்குது, ரெண்டு ட்ரிப்ப கட் பண்ணிட்டா ராத்திரி வீடு திரும்ப ஷேர் ஆட்டோவுக்கு குடுக்குறதுல மிச்சமான காசு போயிருது. அதுனால “இலவச பஸ் நல்லதா”ன்னு கேக்காதீங்க. “நேத்து எத்தன மணிக்கு ஸ்டாப்புக்கு வந்தீங்க, பஸ் எத்தன மணிக்கு வந்துச்சு, நிறுத்துனாங்களா, என்ன சொன்னாங்க”ன்னு கேளுங்க.

பணத்துல கூட எவ்வளவுங்கிறத விட என்னைக்குங்கிறதுதான் மனசுக்கு பெருசு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சதுல இருந்து மாசம் 15ஆம் தேதி வாக்குல வந்து விழுதுன்னு தெரியுறதுனால கேஸ் சிலிண்டர், சுயஉதவிக் குழு தவணை, டியூஷன் பீஸ்னு அதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள பிரிச்சு வச்சிருப்பாங்க. நூறு நாள் வேலைல சம்பளம் பாக்கி விழுந்தப்ப நடந்தத நெனச்சுப் பாருங்க, பணம் வரும்தான், எப்ப வரும்னு தெரியாம பேங்குக்கு நடந்து நடந்து, கடைல கடன் சொல்லி நின்னாங்க. அதே காசு தேதி தெரியாம வந்தா நிம்மதி வராது. அதுனால “எந்தத் தேதில வருதுன்னு உங்களுக்கு தெரியுமா”ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வையுங்க.

கிடைக்காதவங்கள விட்றாதீங்க. இதத்தான் எல்லாரும் விடுறாங்க. உரிமைத் தொகைக்கு வருஷ வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், நஞ்சை அஞ்சு ஏக்கர் இல்ல புஞ்சை பத்து ஏக்கருக்கு மேல இருக்கக் கூடாது, கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள இருக்கணும்னு விதி வச்சாங்க. ஒரே சுவர பங்கு போட்டுக்கிற ரெண்டு வீட்டுல ஒண்ணுக்கு வந்து ஒண்ணுக்கு வரலைன்னா, வராத வீட்டுக்கு காரணம் எழுத்துல தெரியலைன்னா, அங்க வர்ற மனக்கசப்பு ஆயிரம் ரூவாயவிட பெருசு. மனுஷன் தன் நிலைமைய தனியா பாக்குறதே இல்ல, அடுத்த வீட்ட வச்சுத்தான் பாப்பான். 1974ல ரிச்சர்ட் ஈஸ்டர்லின்ங்கிற பொருளாதாரக்காரர், நாட்டோட வருமானம் காலப்போக்குல ஏறினாலும் ஜனங்க மகிழ்ச்சி அதே அளவுக்கு ஏறலைன்னு எழுதினார், அதுக்கு அவர் சொன்ன முக்கியக் காரணமும் இந்த ஒப்பீடுதான். உங்க நோட்டுல வாங்குறவங்க பாதி, வாங்காதவங்க பாதின்னு இருக்கட்டும்.

பழக்கமும் ஒண்ணு இருக்கு. எந்த நல்லதும் கொஞ்ச நாள்ல பழகிரும், பழகுனா வாய்ல வராது. சத்துணவு 1982ல இருந்து இருக்கு, இன்னைக்கு யாராவது அதச் சொல்லி சந்தோஷப்படுறாங்களா. அப்படிப்பட்ட திட்டத்துக்கு, “இது அடுத்த மாசம் நின்னு போச்சுன்னு வைங்க, வீட்ல மொதல்ல என்ன மாறும்”னு கேளுங்க. கேட்டதும் முகம் மாறுறதையே பாக்கலாம். ஆனா நிறுத்தப் போறாங்கன்னு அவங்க நெனச்சுக்காத மாதிரி கேக்கணும், இல்லன்னா மறுநாள் ஊருக்குள்ள புரளி கிளம்பிரும்.

எப்ப கேக்குறதுன்னு பாத்தா, சித்திரைத் திருவிழா சமயத்துல கேக்காதீங்க, பொங்கலுக்கும் கேக்காதீங்க, அப்ப எல்லாரும் ஏணில மேலதான் நிப்பாங்க. அறுப்பு முடிஞ்சு கையில காசு இருக்கிறப்பவும் வேணாம். மேலூர் பக்கம் ஒருபோகம், பெரியாறு கால்வாய்ல தண்ணி விட்டாங்களா இல்லையாங்கிறதுலயே ஊரோட மனசு ஏறும் இறங்கும், அத திட்டத்தோட பலன்னு எழுதிட்டா தப்பாயிரும். அதுனால ரெண்டு தடவை கேக்குறதா இருந்தா ரெண்டும் ஒரே மாசத்துல இருக்கட்டும், முடிஞ்சா அந்தத் திட்டம் இன்னும் வராத பக்கத்து ஊர்லயும் அதே வாரத்துல அதே கேள்விய கேளுங்க. தண்ணி வந்ததுனால மட்டும் ஏறியிருந்தா ரெண்டு ஊரும் சேந்து ஏறும்.

ஒரு விஷயம் தனியா சொல்லணும். அரசு ஒண்ணு குடுத்தா என்ன ஆகுதுன்னு மட்டும்தான் இதுவரைக்கும் பேசுனேன், அரசு ஜனங்கள கேக்காம ஒரு முடிவு எடுத்தா என்ன ஆகுதுங்கிறதுக்கு நம்ம அரிட்டாபட்டி பக்கமே போதும். 2022 நவம்பர்ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு தமிழ்நாட்டுலயே முதல் இடமா அறிவிச்ச ஊர் அது. 2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சிருச்சுன்னு மத்திய அரசுகிட்ட இருந்து அறிவிப்பு வந்துச்சு, ஏறக்குறைய அஞ்சாயிரம் ஏக்கர், அதுக்குள்ள அரிட்டாபட்டியும் அதச் சுத்தி இருக்கிற ஊர்களும். ஒரு கல்லு கூட தோண்டல, ஒரு வீடு கூட இடிக்கல, ஆனா அந்த ஊர்கள்ல தூக்கம் போச்சு. மலை போயிருமா, சுனை போயிருமா, கோயில் என்ன ஆகும், காடு கரை என்ன ஆகும்னு அதே பேச்சு. கிராமசபைல தீர்மானம் போட்டாங்க, டிசம்பர் 9ல சட்டசபையும் தீர்மானம் போட்டுச்சு, ஜனவரி 7ல நரசிங்கம்பட்டில இருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்குல நடந்தே வந்தாங்க, 2025 ஜனவரி 23ல ஏலத்த ரத்து பண்ணாங்க. ஊர்ல வெடி போட்டு கொண்டாடுனாங்க. இத எந்த செலவுக் கணக்குல எழுதுவீங்க? அதுனால உங்க கேள்வித்தாள்ல “இந்த முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி உங்கள யாராவது கேட்டாங்களா”ன்னு ஒரு வரி இருக்கணும்னு சொல்றேன். கேட்டாங்களா இல்லையாங்கிறதே மனசுல ஒரு படி ஏத்தும் இறக்கும். தோப்பூர் எய்ம்ஸ் மாதிரி 2019 ஜனவரில அடிக்கல் நாட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்க வைக்கிறதுக்கும் ஒரு வரி சேத்துக்கங்க, மொத பேட்ச் மருத்துவ மாணவங்க 2022ல ராமநாதபுரத்துல போய்தான் படிக்க ஆரம்பிச்சாங்க.

நோட்டு நிறைஞ்ச பிறகு கணக்கு. சராசரி எடுக்காதீங்க, எடுத்தாலும் அத மட்டும் நம்பாதீங்க. ஒரு தெருவுல பத்து பேரு, அஞ்சு பேர் எட்டாவது படி, அஞ்சு பேர் ரெண்டாவது படின்னா சராசரி அஞ்சு வரும், அஞ்சாவது படில ஒருத்தர் கூட கிடையாது. அதுக்குப் பதிலா ஒவ்வொரு படிக்கும் எத்தன பேர்னு கோடு போட்டு எண்ணுங்க, மூணாவது படியும் அதுக்குக் கீழயும் நிக்கிறவங்க யாருன்னு தனியா பாருங்க. தனியா இருக்கிற வயசானவங்களா, வேலை போனவங்களா, புருஷன் குடிக்கிற வீடா. வேலை போனவங்க விஷயத்துல ஒண்ணு சொல்லணும், சம்பளம் போனதுக்கு வர்ற வருத்தத்தவிட வேலையே இல்லைங்கிறதுக்கு வர்ற வருத்தம் அதிகம்னு பல நாட்டு ஆய்வுல திரும்பத் திரும்ப வந்திருக்கு, அதுனால உதவித்தொகை குடுத்தும் படி ஏறலைன்னா திட்டம் வீண்னு முடிவு பண்ணிறாதீங்க, அவங்களுக்கு வேணும்ங்கிறது வேற.

இத எங்க கொண்டு போறது. கிராமம்னா கிராமசபை, வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் ஜனத்தொகை 500க்குள்ளன்னா 50 பேர், 3000 வரைக்கும் 100 பேர், 10,000 வரைக்கும் 200 பேர், அதுக்கு மேலன்னா 300 பேர் வந்திருக்கணும், வந்தாதான் கூட்டம் செல்லும், அதுனால நீங்க கேள்வி கேட்டவங்களையே கூட்டிட்டுப் போங்க. மதுரை மாநகராட்சிக்குள்ளன்னா 100 வார்டு இருக்கு, பகுதி சபை கூட்டம் நடக்குறப்ப கவுன்சிலர் முன்னாடி வைங்க.

அங்க போய் “ஜனங்க சந்தோஷமா இல்ல”ன்னு சொன்னா தலைய ஆட்டிட்டு அடுத்த பொருளுக்குப் போயிருவாங்க. யாரால எந்தத் தேதிக்குள்ள செய்ய முடியுமோ அந்த அளவுக்கு சின்னதா கேளுங்க. “காலைல முதல் டவுன் பஸ் நம்ம ஸ்டாப்புல நிக்கணும்னு போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதணும்.” “கைரேகை விழாத வயசானவங்களுக்கு ரேஷன் கடைல உக்காந்து வாங்க தனி நேரம் வேணும்.” “உரிமைத் தொகை நிராகரிச்சவங்களுக்கு காரணத்த எழுத்துல குடுக்கணும்.” தீர்மான நோட்டுல ஏறுச்சான்னு கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்து போடணும், வெத்து பக்கத்துல கையெழுத்து வாங்கினா போடாதீங்க.

தீர்மானம் போட்டும் அசையலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல அந்தத் தீர்மான நகலோட மனு குடுத்து ரசீது வாங்குங்க, முதலமைச்சர் உதவி எண் 1100க்கு போன் பண்ணியும் பதியலாம். அதுக்கும் பதில் இல்லைன்னா தகவல் உரிமைச் சட்டம் 2005ல ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு. “எங்க மனு மேல இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும் எடுத்த நடவடிக்கையோட நகல் வேணும்”னு மட்டும் கேளுங்க, ஏன் பண்ணலைன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மேல்முறையீடு, அதுக்கு பீஸ் கிடையாது.

பதில் வந்துச்சோ வரலையோ, நீங்க ஏணி காட்டுன வீடுகளுக்கு ஒரு தடவை திரும்பப் போய், அவங்க சொன்னத எங்க குடுத்தீங்க, என்ன சொன்னாங்கன்னு சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் அடுத்த வருஷம் அதே மாசம் அதே கேள்வியோட போறப்ப கதவு திறக்கும், பதிலும் போன தடவைய விட நிஜமா இருக்கும்.